எலி கடித்த விரலும் எங்க அம்முச்சி செருப்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

போன சித்திரையில் ஒரு நாள். எங்க ஊர் சேவூர் வாலீஸ்வரர் கோயிலுக்கு அம்முச்சியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நடை சாத்தப் போகிற நேரம், நல்ல வெயில். பிரகாரத்தில் கல் கொதிக்கிறது. நான் தீ மிதிக்கிறவன் மாதிரி குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினேன். அம்முச்சி நிதானமாக மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தார்.

"கால் சுடலீங்களா அம்முச்சி?"

"எங்க சாமி சுடுது? நல்லாத்தான இருக்குது."

பக்தி முத்திவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி பார்த்தால் வலது பாதத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்புளம். அதற்கும் வலி இல்லை. பதினைந்து வருஷத்துச் சர்க்கரை, பாதத்தின் நரம்பைத் தின்றுவிட்டது என்று அவிநாசியில் டாக்டர் சொன்னார். புண் ஆறியதும் இரண்டு விஷயம் எழுதிக் கொடுத்தார். ஒன்று, தினமும் படுக்கும் முன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். இரண்டு, எம்.சி.ஆர். செருப்பு. எங்க பக்கத்தில் எம்.சி.ஆர். என்றால் வேட்டி. வீட்டில் எல்லோரும் ஒரு நிமிஷம் முழித்தோம் :-) இது மைக்ரோ செல்லுலார் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் நிறைந்த, மெத்தென்ற கறுப்பு ரப்பர்.

இந்தச் செருப்பு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டேன். அது சர்க்கரை நோயாளிகளுக்காகப் பிறந்ததே இல்லை. தொழுநோயாளிகளுக்காக, நம்ம வேலூர்ப் பக்கத்தில் வளர்ந்த விஷயம். அதற்கு அடிப்படையாக இருந்த கண்டுபிடிப்பில் பாதி வேலையைச் செய்தவர்கள் டாக்டர்கள் இல்லை, நோயாளிகள். "ஆராய்ச்சியில் நோயாளிகளையும் மக்களையும் ஈடுபடுத்துவது" என்று இப்போது கருத்தரங்குகளில் பெரிய தலைப்பாகப் போடுகிறார்கள். பிரிட்டனில் இதற்கென்றே 1996-ல் அரசு ஆதரவில் ஒரு குழு அமைத்தார்கள். வேலூரில் மண் குடிசைகளில் அது நடந்தது 1950களில்.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வித்தியாசம் புரியாது. தொழுநோய்க் கிருமியை 1873-ல் நார்வேயின் பெர்கன் நகரில் கண்டறிந்தவர் ஆர்மாவர் ஹான்சன். பாடப்புத்தகத்தில் அத்தோடு முடிந்துவிடும். 1879-ல் அவர் தன் மருத்துவமனையில் இருந்த ஒரு பெண் நோயாளியின் கண்ணில், இன்னொரு நோயாளியின் உடலிலிருந்து எடுத்த திசுவை ஏற்றினார். அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. எதற்கு என்று சொல்லவும் இல்லை. நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுமா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விஷயம் நீதிமன்றம் போனது. 1880-ல் அந்த மருத்துவமனைப் பதவியை இழந்தார். ஆனால் நாட்டின் தொழுநோய்த் துறைக்குத் தலைமை அதிகாரி என்ற பதவி அவரிடமேதான் இருந்தது! 1884-ல் ஹவாய்த் தீவில் இன்னும் மோசம். தூக்குத் தண்டனைக் கைதி ஒருவருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்து, பதிலுக்கு அவர் உடம்பில் தொழுநோயை ஏற்றிப் பார்த்தார்கள். "சம்மதம்" வாங்கினார்கள்தான். தூக்குக் கயிற்றைக் காட்டி வாங்குகிற சம்மதத்துக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

இந்தியாவில் 1898-ல் வெள்ளைக்காரன் தொழுநோயாளிகளுக்கென்று ஒரு சட்டம் போட்டான். பிச்சையெடுக்கும் தொழுநோயாளியைப் பிடித்துக்கொண்டுபோய் விடுதியில் அடைக்கலாம் என்றது அது. அதை முழுசாக நீக்கியது 2016-ல்தான். தப்பாகப் படிக்கவில்லை, இரண்டாயிரத்துப் பதினாறு.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர். ஆங்கிலேயர், ஆனால் பிறந்தது 1914-ல் கொல்லிமலையில். அப்போது சேலம் மாவட்டம், இப்போது நாமக்கல். பெற்றோர் மிஷனரிகள். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா 1929-ல் மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா ஈவ்லின் கடைசிவரை மலைகளை விடவில்லை, 1974-ல் இறக்கும்போது வயது 95. பிராண்ட் டாக்டருக்குப் படிப்பதற்கு முன்னால் சில வருஷம் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1946 கடைசியில் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார்.

1947-ல் செங்கல்பட்டுத் தொழுநோய் விடுதியைப் பார்க்கப் போகிறார். அங்கே ராபர்ட் காக்ரேன் என்ற புகழ்பெற்ற தொழுநோய் நிபுணர். டாப்சோன் மருந்தை இங்கே கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தவர்களில் ஒருவர். மருந்து கிருமியை அடக்கியது, ஆனால் மடங்கிப்போன விரல்கள் மடங்கியபடியே. இத்தனை ஊனம் இருக்கிறது, எலும்பு டாக்டர்கள் ஒருத்தர்கூட ஏன் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று காக்ரேன் சண்டைக்கே வந்துவிட்டார். அங்கே ஒரு நோயாளியிடம், என் கையைப் பிடித்து அழுத்துங்கள் என்று பிராண்ட் கையை நீட்டினார். விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியிருந்த கை, என்ன பலம் இருக்கப்போகிறது? அவர் பிடித்த பிடியில் பிராண்டுக்கு உயிர் போய்விட்டது. அந்த நோயாளிக்கோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. அந்த ஒரு பிடியில் இரண்டு விஷயம் இருந்தது. கை செத்துப்போகவில்லை, சில தசைகள் மட்டும்தான் செயலிழந்திருக்கின்றன. அடுத்தது, உணர்ச்சி இல்லை. முதலாவது உடனே பிடிபட்டது. இரண்டாவது பிடிபடச் சில வருஷம் ஆனது.

முதலாவதை வைத்து அறுவை சிகிச்சை. நல்ல நிலையில் இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டுவது. 1948-ல் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். விரல்கள் விரிந்தன. இனி கதை சுபம் என்று நினைப்போம். அதுதான் இல்லை. அந்த நோயாளி கொஞ்ச நாளில் திரும்பி வந்தார், இளைத்துப்போய். இந்தக் கை பிச்சையெடுக்க லாயக்கில்லை என்று சொன்னார். மடங்கின கையைப் பார்த்தால் காசு போடுவார்கள். நிமிர்ந்த கைக்கு யார் போடுவார்கள்? சரி, வேலைக்குப் போகலாம் என்றால் தொழுநோய்த் தழும்பு இருக்கிறவனுக்கு வேலையும் கிடையாது, தங்க இடமும் கிடையாது.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. டாக்டர்களின் கேள்வி "விரல் நிமிருமா?" என்பது. நோயாளியின் கேள்வி "நிமிர்ந்த விரலை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சாப்பிடுவது?" என்பது. இரண்டாவது கேள்வியை எந்த டாக்டரும் தாமாக யோசித்திருக்க முடியாது. அறுவை வெற்றி என்று ஒரு கட்டுரை எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்திருக்கலாம். பிராண்ட் அப்படிச் செய்யவில்லை. சி.எம்.சி. கல்லூரி வளாகத்தில், 1950களின் தொடக்கத்தில், மண் சுவர் வைத்த சில குடிசைகள் எழும்பின. நவஜீவ நிலையம் என்று பெயர். அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கி ஒரு தொழில் கற்றுக்கொள்ளலாம். என்ன தொழில்? தச்சு. டாக்டர்தான் தச்சராச்சே. மரப் பொம்மைகள் செய்தார்கள்.

அங்கேதான் பெரிய தலைவலி ஆரம்பித்தது. கஷ்டப்பட்டுச் சரிசெய்த கைகளில் புதுசு புதுசாகப் புண்கள். தொழுநோயாளியின் சதையே கெட்ட சதை, அது தானாக அழுகும், விரல் தானாக உதிரும் என்பதுதான் அப்போது ஊரிலும் ஆஸ்பத்திரியிலும் இருந்த எண்ணம். ஊரில் இன்றைக்கும் இருக்கிறது, எங்க தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று இடித்தது. அறுவை செய்த காயம் மட்டும் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே நன்றாக ஆறுகிறதே? கெட்ட சதை என்றால் அது எப்படி ஆறும்?

ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்ட் திறக்கப் பார்க்கிறார், சாவி திரும்பவில்லை. ஒல்லியாக ஒரு சின்னப் பையன், அவனும் நோயாளி, நான் திறக்கிறேன் என்று வந்து ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பார்த்தால் தரையில் ரத்தச் சொட்டு. சாவி அவன் விரலை எலும்புவரை அறுத்திருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. நமக்கு வலிக்கும், விட்டுவிடுவோம். அவனுக்கு "விடு" என்று சொல்ல உடம்பில் ஆள் இல்லை.

அப்படியானால் எல்லாப் புண்ணுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்குமோ? சந்தேகம் வந்துவிட்டது. நிரூபிப்பது எப்படி? ராத்திரியும் பகலும் ஒவ்வொருவர் பின்னாலும் டாக்டர் நடக்க முடியாது. எப்போது காயம் பட்டது என்று நோயாளியைக் கேட்டால் வலிக்கவில்லையே, அவருக்கும் தெரியாது. ஆகவே நிலையத்தில் இருந்த இளைஞர்களையே துப்பறியும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். தினமும் கை கால்களைப் பரிசோதிப்பது. ஒரு சின்னச் சிவப்பு தெரிந்தாலும், இது எப்படி வந்தது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். "தானாக வந்தது" என்ற பதிலுக்கு இடமில்லை.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். துணியில் நீளமாக ஒரு கோடு விழுந்தால் செக்கிங்கில் அதைத் தூக்கிப் போடுவதோடு முடியாது. எந்த மிஷின், எந்த ஊசி என்று பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் மேனேஜர் இல்லை, அந்த மிஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறவர்.

கண்டுபிடித்தார்கள். சுத்தியல் பிடியில் இருந்த சிலும்பு. கை வழுக்காமல் இருக்க அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிப்பது. அடுப்பிலிருந்து பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவது. அரிக்கேன் விளக்கின் திரியைக் குறைக்கும்போது கண்ணாடியில் படும் விரல். உளி, ரம்பம், சுத்தியல் பிடிகளைப் பெரிதாக்கி மாற்றினார்கள். புண்கள் குறைந்தன.

ஆனால் ஒரு வகை மட்டும் மர்மமாகவே இருந்தது. ராத்திரி முழு விரலோடு படுக்கிறவர் காலையில் எழுந்தால் நுனி இல்லை. வேலையும் செய்யவில்லை, அடுப்புப் பக்கமும் போகவில்லை. பார்த்தீர்களா, விரல் தானாகத்தான் உதிர்கிறது என்று பழைய கட்சிக்காரர்கள் சொல்ல வசதியான சாட்சி. முறை வைத்து ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்தார்கள். எலி. தூங்குகிறவர் விரலை எலி வந்து கடிக்கிறது, அவர் அசைவதே இல்லை.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதோடு எவ்வளவு காலம் என்றும் யோசித்தேன். ஆயிரக்கணக்கான வருஷமாக மனிதர்கள் சாபம் என்றும் கர்மவினை என்றும் சொல்லிக்கொண்டிருந்ததில் ஒரு பகுதி, எலி. அதற்கு மருந்து என்ன? பூனை! நிலையத்தில் பூனை வளர்த்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களுக்குக் கையோடு ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் பூனையை மருந்துச்சீட்டில் எழுதியது இதுதான் முதல் தடவையாக இருக்கும் :-)

பூனை இல்லாத வீட்டுக்குப் போனால்? சென்னையைச் சேர்ந்த ஒரு இளைஞர், கைகள் சரியாகி, வெகு காலம் கழித்து வீட்டாரைப் பார்க்க இரண்டு நாள் போனார். முதல் ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடித்துவிட்டது. இரண்டாவது ராத்திரி தூங்கவே கூடாது என்று விளக்கை வைத்துக்கொண்டு புத்தகம் படித்தார். விடியும் நேரத்தில் கண் அசந்துவிட்டது, இன்னொரு கை சூடான விளக்குக் கண்ணாடியில் சாய்ந்து வெந்துபோனது. இரண்டு கட்டோடு வேலூர் திரும்பி, வலியே தெரியாத நான் எப்படிச் சுதந்திரமாக இருக்க முடியும் என்று அழுதார். பிராண்டும் அவரோடு அழுதிருக்கிறார். வலியை ஒரு வரம் என்று பிராண்ட் பிற்காலத்தில் எழுதியதெல்லாம் இப்படிப்பட்ட ஆட்களிடமிருந்து கற்றதுதான்.

கால் கதை இன்னும் சிக்கலானது. முள், ஆணி குத்தாத காலிலும் உள்ளங்காலில் குழிப்புண் வந்தது. காரணம் வெறும் நடை. நாம் ரெண்டு கிலோமீட்டர் நடந்தால் நமக்கே தெரியாமல் காலை ஊன்றும் விதத்தை மாற்றிக்கொண்டே இருப்போம். ஒரு இடம் லேசாக நோக ஆரம்பித்ததும் பாரம் வேறு பக்கம் போய்விடும். உணர்ச்சி இல்லாத கால் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, ஆயிரம் தடவை ஊன்றும். சதை உள்ளுக்குள்ளேயே நைந்துவிடும். புண் வந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிட்டால் ஆறுகிறது என்பதை இலங்கையில் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவர் ஏற்கனவே செய்து காட்டியிருந்தார், பிராண்ட் அதை எடுத்துக்கொண்டார். ஆறின கால் மறுபடி புண்ணாகாமல் இருக்கத்தான் செருப்பு. மரம், மெழுகு அச்சு, விதவிதமான ரப்பர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு நடந்து பார்த்தது நோயாளிகள். இது பரவாயில்லை, இது கடிக்கிறது என்று சொல்லத்தான் முடியாதே. அதனால் கழற்றிப் பார்த்து, தோல் சிவந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்பதை வைத்து முடிவு. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை திறந்தபின் இந்தச் செருப்பு வேலை அங்கே பெரிதாக வளர்ந்தது. பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். இதே முறைகள் அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளின் காலுக்குத் தாவின. அப்படிச் சுற்றி, சேவூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது அந்தக் கறுப்புச் செருப்பு.

பிராண்டே ஒரு ராத்திரி நோயாளியாக இருந்திருக்கிறார். 1950களில் ஒரு பயணத்தில் லண்டனில் தங்கியபோது, சாக்ஸைக் கழற்றும் நேரத்தில் குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கவனித்தார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தொழுநோய் வந்துவிட்டது என்றே முடிவுகட்டி, குடும்பத்தை விட்டு விலக வேண்டியதை எண்ணி விடிய விடியத் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினால் "ஆ" என்று கத்தும்படி வலி! ரயிலில் நீண்ட நேரம் ஒடுங்கி உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருக்கிறது, அவ்வளவே. அந்த ஒரு ராத்திரியில் என்ன தெரிந்துகொண்டார் என்பதை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இத்தனை புகழ்ந்தாச்சு, ஒரு நெருடலையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகள் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் டாக்டர் சொன்னபடி. எலிக்குக் காவல் இருந்தவர் எழுதிய "என் அனுபவங்கள்" கையில் இருந்தால் அதில் வேறு சில விஷயமும் இருக்கும். அதோடு, போக்கிடம் இல்லாத ஒருவரிடம் "உங்கள் கையில் அறுவை செய்து பார்க்கட்டுமா" என்று கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு இடம் இருக்கிறது? ஹவாய்க் கைதியோடு இதை நான் ஒப்பிட மாட்டேன், ரெண்டும் ஒன்றில்லை. நவஜீவ நிலையத்தில் பலன் முதலில் போய்ச் சேர்ந்தது அந்த நோயாளிகளுக்கே. ஆனால் ஆராய்ச்சியில் என்ன கேள்வி கேட்பது, எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. நல்ல டாக்டர் அமைந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை பேர் இருக்க முடியும்?

நாற்காலி கேட்டு வாங்கியது பிறகுதான். 1983-ல் அமெரிக்காவின் டென்வரில் எய்ட்ஸ் நோயாளிகள் கூடி, எங்களைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் நாங்கள் இருக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். தொழுநோயில் அந்தக் குரலை எழுப்பியவர்களில் ஒருவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர், ஈரோட்டின் பி.கே. கோபால். அவரே தொழுநோய் வந்து குணமானவர், சமூகப் பணியில் முனைவர் பட்டம் வாங்கியவர். நோயால் பாதிக்கப்பட்டவர்களே நடத்தும் 'ஐடியா' என்ற சர்வதேச அமைப்பை 1994-ல் தொடங்கியவர்களில் ஒருவர். 2012-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தொழுநோய்ச் சேவைகளில் பாதிக்கப்பட்டவர்களின் பங்கை வலுப்படுத்துவது எப்படி என்று உலக சுகாதார நிறுவனம் நெறிமுறை வெளியிட்டது 2011-ல்.

இந்தியாவில் இப்போது மருந்துச் சோதனைகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண ஆளும் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2019 விதிகளில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து அந்த ஒரு ஆள் எவ்வளவு பேசிவிட முடியும் என்று கிண்டலாகக் கேட்க வாய் வருகிறது. ஆனால் பிச்சையெடுக்க லாயக்கில்லாத கை என்று சொன்னதும் ஒரே ஒரு ஆள்தான்.

அம்முச்சி சமாச்சாரத்தைச் சொல்லாமல் விட்டால் உதைப்பீர்கள். கண்ணாடி பார்ப்பது இப்போது அவருக்கு சீரியல் பார்ப்பது மாதிரி, ஒரு நாள் தவறாது. மூன்று மாசம் முன்னால் இடது கணுக்காலின் வெளிப்பக்கம் சிவந்து தடித்தது. செருப்பு வார் உரசுகிறது என்று டாக்டர் சொல்லி, வாரை மாற்றிக் கொடுத்தார்கள். சிவப்பு போகவில்லை. அம்முச்சி நாலு நாள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். மத்தியானம்தான் சூடு. மத்தியானம் அவர் என்ன செய்வார்? திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக வரும் பனியனுக்குப் பிசிறு வெட்டுவார். மூன்று மணி நேரம் சிமெண்டுத் தரையில் அந்தக் கணுக்கால் அழுந்துகிறது.

அடுத்த தடவை போனபோது, "வாரு இல்லீங்க டாக்டர், திண்ணைங்க" என்று அம்முச்சியே சொன்னார். டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் பிசிறு வெட்டுகிறார். பீஸ் கொஞ்சம் குறைகிறதாம், அதற்கு என்னைத் திட்டுகிறார்.